செவலை அய்யாவின் மாடு அல்ல

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்து சேரும் நாளில் எங்கள் தகப்பனாரான அய்யா அவர்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைந்திருக்கும். வந்திருந்து அழுதவர்களுக்கும், வர முடியாமல் ஆள் விட்டுக் கேட்டவர்களுக்கும், வர முடிந்தும் வராதவர்களுக்கும் இதை அனுப்புகிறோம். குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பெரியப்பா ஆள் மூலம் எனக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். வந்தவர் அதை அப்படியே சொன்னார்: "பெரிய எடத்துல போடுற மாதிரி நல்லத மட்டும் எழுதச் சொல்லு. கோதானம் குடுத்து எந்தம்பியக் கரையேத்தினோம்னு ஒரு வரி சேத்துக்கிறட்டும். அதுக்குள்ள அந்த மாட்டக் கொண்டுபோய் ஐயர் வீட்டுல கட்டிறணும். கட்டலைன்னா தெவசத்துக்கு எங்க பக்கத்து ஆள் ஒருத்தரும் வரமாட்டோம்."

அந்த ஒரு வரியைத்தான் என்னால் சேர்க்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதையே இந்தக் கட்டுரை முழுவதும் சொல்லப்போகிறேன். அப்பனைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் மாட்டைப் பற்றி எழுதுகிறானே என்று நினைப்பவர்கள் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன். படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

அய்யா தேவாரத்தில் பிறந்தவர். பஞ்சம் தெளிந்த மறு வருடம் பிறந்ததாகச் சொல்வார்கள். மூத்தவர் பெரியப்பா, நடுவில் பிறந்தவர் அய்யா, இளையவர் அத்தை. மலையடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. ஒரு வருடம் சோளம் அறுக்க நான்கு நாள் இருக்கும்போது யானைகள் இறங்கி, கதிரோடு தட்டையையும் மிதித்துப் போட்டன. மீசை முளைக்காத வயதில் அய்யா போடிக்கு வந்து பொதிமாட்டுக்காரர்களோடு சேர்ந்தது அந்த வருடம்தான். சில வருடம் கழித்துப் பெரியப்பாவும் போடிக்கே வந்து, எங்களுக்கு அடுத்த தெருவில் குடியேறினார். அத்தையை ராசிங்காபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

போடியிலிருந்து முந்தல் வழியாக மலைமேலிருக்கும் மெட்டுக்கு எல்லாச் சரக்கும் மாட்டின் முதுகில்தான் ஏறியாக வேண்டும். அரிசியும் உப்பும் கருவாடும் மேலே போகும்; ஏலக்காய் கீழே வரும். மழைக்காலத்தில் அய்யா இறங்கி வந்தால் காலில் அட்டை கடித்த இடங்களில் ரத்தம் உறைந்து, முழங்கால் வரை பொட்டு வைத்ததுபோல் இருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு மாட்டையும் அவர் அடித்து நான் பார்த்ததில்லை. ஏற்றத்தில் மற்றவர்கள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். அய்யா பின்னால் நிற்பார். ஒரு தடவை நான் கூடப் போயிருந்தபோது இழுக்கப்போனேன். "விடுடா. நீ இழுத்தா உன் பலத்துக்குத்தான் ஏறும். உனக்கு என்ன பலம் இருக்கு?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மாடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தானாக ஏறியது.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பெரியப்பா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது: "மாட்டுக்காரன் மவன் கலெக்டர் ஆகப்போறானாக்கும்?" அய்யா, "ஆகலைன்னா மாடு இருக்கு" என்றார். நான் கலெக்டர் ஆகவில்லை. சிறு பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் உதவி ஆசிரியன் ஆகியிருக்கிறேன். அதற்கே எங்கள் சொந்தத்தில் என்னை 'வாத்தியார்' என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மரியாதைதான் பின்னால் என் தங்கையின் காலை வாரியது. அதைச் சொல்கிறேன்.

எனக்குத் தங்கை ஒருத்தி. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அவள் கால் இரண்டும் சூம்பிப்போயின. வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். தாயார் நேர்த்திக்கடன் வைத்தார். ஐந்து வயது வரை அவள் கையை ஊன்றிப் பின்புறமாய் நகர்ந்தாள். தண்ணீர் கேட்டால் கொண்டுபோய் வாயில் வைப்போம். வெளியே வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டால் தூக்கிக்கொண்டு போவோம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளைத் தூக்கி மடியில் வைத்து, "பாவம்" என்று சொல்லிவிட்டு இறக்கிவிடுவார்கள். அவளுக்கு எதுவும் குறையில்லாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம். அதனால் அவள் நகர வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தது.

அந்த ஐந்தாம் வயதில், காதுகுத்தின்போது ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். பெரியப்பா ஒரு நடைவண்டி செய்துகொண்டு வந்தார். ஒரு வயதுப் பிள்ளை தள்ளுகிற அளவு. அவள் அதைப் பிடித்து நிமிர்ந்தபோது அது முன்னால் ஓடி அவள் முகம் தரையில் இடித்தது. அத்தை வெள்ளிக் கொலுசு கொடுத்து, "நடந்தாப் போட்டுக்கிறட்டும். இல்லைன்னாப் பெட்டியில கெடக்கட்டும், வெள்ளிதான், வீணாப் போகாது" என்றார். நான் ஒரு மரப்பாச்சி வாங்கிக் கொடுத்தேன். உட்கார்ந்துகொண்டே விளையாடலாம் என்று எனக்கு அவ்வளவு யோசனை!

அய்யா அன்று சாயங்காலம்தான் மலையிலிருந்து வந்தார். கயிற்றின் மறுமுனையில் ஒரு கிடாரிக் கன்று. மலைமாட்டுக் கன்று. தேவாரத்துக்கு மேலே காட்டிலேயே கிடை போட்டு மேய்க்கிறார்களே, அந்த மாடு. கட்டுத்தறியைப் பார்த்திராத ஜாதி. அந்தக் கிடைக்காரருக்கு மூன்று நடை உப்பு கொண்டுபோய்க் கொடுத்து, அதற்குப் பதிலாக அய்யா வாங்கி வந்தது. செவலை நிறம். கண் இரண்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வாசலுக்கு வந்ததும் பெரியப்பாவின் வேட்டியில் ஓர் உதை விட்டது.

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? காலு வெளங்காத புள்ளைக்கு இதையா கொண்டாருவ? ஒரு நல்ல பசுவாப் பாத்து, சாதுவாக் கொண்டாந்தா என்ன?"

"சாதுவான மாடு விட்ட எடத்துல நிக்கும் அண்ணே. அது நின்னா இவளும் உக்காந்துக்கிருவா. இது நிக்காது."

"அதத்தான நானும் சொல்றேன்!"

"நானும் அதத்தான் சொல்றேன்."

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அய்யா கன்றின் நெற்றியில் மஞ்சள் தடவி, கயிற்றைத் தங்கையின் கையில் கொடுத்து, "இது தாயி பேருக்கு" என்றார். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பிள்ளையின் பேருக்குக் கன்று விட்டால் அதுவும் அது ஈனுகிறதும் அந்தப் பிள்ளையுடையது. பெற்றவர்கூடக் கேட்காமல் விற்கமாட்டார். இது இந்த மலரைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட வாய்கள் அதற்குச் சாட்சி.

மறுநாள் காலையில் அய்யா கன்றை வேம்படியில் கட்டினார். புல்லை வீட்டுச் சுவரோரம் போட்டார். நடுவில் பத்தடி இருக்கும். "இதுக்குப் புல்லும் தண்ணியும் தாயிதான் வைக்கணும். வேற கை பட்டுச்சுன்னா கன்ன மலைக்கே ஓட்டிட்டுப் போயிருவேன்" என்றார். உச்சிப்பொழுதுக்குள் கன்று கத்த ஆரம்பித்தது. அது கத்தக் கத்தத் தங்கையும் அழுதாள். தாயார் அய்யாவைப் பார்த்து, "நீங்க பெத்த தகப்பனா, வேற யாருமா?" என்று கேட்டார். நான் பொறுக்கமாட்டாமல் ஒரு கை புல்லை அள்ளினேன். அய்யா என் மணிக்கட்டைப் பிடித்தார். "யாரோட கன்னுடா இது?" என்றார். "தங்கச்சியோடது" என்றேன். "அப்ப போட்டுட்டுப் போ."

அவரை அன்று நான் வெறுத்தேன். பொழுது சாய்வதற்குள் தங்கை ஒரு பிடி புல்லைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் ஊன்றி, அந்தப் பத்தடியை நகர்ந்து கடந்தாள். கன்று புல்லையும் தின்று அவள் பாவாடை நுனியையும் மென்றது. அவள் அழுகையை நிறுத்தி, "ஏய், அது என் பாவாட!" என்று அதட்டினாள். யாரையும் அவள் அதட்டி அதுவரை நான் கேட்டதில்லை. அவள் அதட்டுவதற்கு அவளுக்குக் கீழே இந்த வீட்டில் யார் இருந்தார்கள்?

அப்புறம் அய்யா ஒவ்வொரு தடவை மலையிலிருந்து வரும்போதும் கன்றை இன்னும் நாலடி தள்ளிக் கட்டுவார். கன்று எழுந்தால் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இவளும் எழ வேண்டும். விழுந்தாள். தாடை கிழிந்தது. முழங்கால் வீங்கியது. "அதுகிட்டச் சொல்லு, நில்லுன்னு. உன் மாடுதான?" என்று மட்டும் அய்யா சொல்வார். ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவள் கன்றின் முதுகில் கையைப் போட்டு நின்றுகொண்டிருந்தாள். "அண்ணே, இங்க வா, பக்கத்துல வா" என்றாள். போனேன். தன் தலையில் கையை வைத்து அதை என் சட்டைக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள். "நான் உன் நெஞ்சு வரைக்கும் இருக்கேன்" என்றாள். தான் எவ்வளவு உயரம் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

எட்டு வயதில் செவலையை ஆற்றங்கரை வரை ஓட்டிக்கொண்டு போய் மேய்த்துத் திரும்பினாள். விந்தி விந்தித்தான். ஆனால் யார் கையும் பிடிக்காமல். "குலசாமி கண்ணத் தொறந்துருச்சு" என்றார்கள் சொந்தக்காரர்கள். எனக்குச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது: குலசாமி கண்ணைத் திறந்திருக்கலாம். மூன்று வருடம் பெற்ற மகளின் அழுகையையும் கட்டியவளின் ஏச்சையும் கேட்டுக்கொண்டு கல்லாக நின்றவர் எங்கள் அய்யா.

சென்ற வருடம் மழை ஓயாத நாளில், மேலே ஏலத்தோட்டத்தில், மலைக்காய்ச்சல் அவரைப் போட்டது. கூட்டாளிகள் கம்பளியைக் கம்பில் கட்டி அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வீட்டில் மூன்று நாள் கிடந்தார். நினைவு வந்தபோதெல்லாம் கேட்டது ஒன்றே: "செவலைக்குப் புல் வச்சியா தாயி?" அவள், "வச்சிட்டேன் அய்யா" என்பாள். மூன்றாம் நாள் கேட்கவில்லை.

இனி நடந்ததை நான் எழுத வெட்கப்படுகிறேன். ஆனாலும் எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் பெரியப்பா எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார்: "பையன் வாத்தியாரு. பள்ளிக்கூடத்துல இருந்து நாலு பெரிய மனுசன் வருவான். மாடு பத்துறவன் வீட்டுக் கருமாதி மாதிரியா செய்யிறது? பெரிய வீட்டு முறைப்படி கோதானம் குடுப்போம். அந்த மாட்டு வாலப் பிடிச்சுக்கிட்டு எந்தம்பி வைதரணி ஆத்தத் தாண்டிப் போகட்டும்." எங்கள் வம்சத்தில் அதுவரை யாருக்கும் கோதானம் கொடுத்ததில்லை. எங்கள் பாட்டனார் அது இல்லாமலே போய்ச் சேர்ந்தார். நான் நாலெழுத்துப் படித்தேன், அதனால் அய்யாவுக்கு மாடு இல்லாமல் வழி கிடைக்காது என்று ஆகிவிட்டது.

கறவை மாடு, கன்றோடு வேண்டும் என்றார்கள். செவலை தலைச்சன் கன்று ஈன்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. "வீட்டுலயே மாடு நிக்கிது, வெளிய எதுக்குத் தேடணும்?" என்றார் அத்தை. தாயார் தலையைக் குனிந்துகொண்டார். நான், "அது தங்கச்சி மாடு" என்று சொல்ல வாயெடுத்தேன். "சின்னப்புள்ள வெளையாட்டுக்குக் குடுத்தது. அப்பனோட ஆத்துமா பெருசா, அவ வெளையாட்டு பெருசா?" என்று பெரியப்பா கேட்டார். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அது விளையாட்டு அல்ல, பெரியப்பா. அது அவளுடைய கால்.

அன்று காலையில் அத்தை தங்கையை உள்ளே கூட்டிப்போய் அரிசி புடைக்கும் பெண்களுக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டார். வெளியே ஐயர் தர்ப்பையைச் சரிசெய்துகொண்டே வழக்கமாகக் கேட்கிறதுபோல், "பசு யாருடையது?" என்று கேட்டார்.

"செத்தவனோடதுதான் சாமி" என்றார் பெரியப்பா.

"காரியம் பண்ற கர்த்தா சொல்லணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்களும் பார்த்தார்கள். நான், "அய்யாவுடையது" என்றேன். செவலையின் வாலைப் பிடித்து ஐயர் கையில் வைத்து நீர் வார்த்தவன் நான். ஊருக்கெல்லாம் பொய் சொல்லாதே என்று பலகையில் எழுதிக் காட்டுகிறவன்.

மாடு தெருவில் போகும்போது கத்தியது. அந்தச் சத்தத்துக்குத் தங்கை எழுந்து வாசலுக்கு வந்திருக்கிறாள். நான் பார்த்தபோது தெருவில் மாடும் இல்லை, கன்றும் இல்லை. அவள் அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை.

"துக்கத்துல இருக்கா, சரியாப் போயிரும்" என்றீர்கள். பத்து நாள் போயிற்று. ஒரு மாதமும் போயிற்று. கொஞ்சம் சதை வைத்திருந்த கால் மறுபடி இளைத்தது. அவள் பழையபடி கையை ஊன்றி நகர ஆரம்பித்தாள். நான் அவளுக்கு என்னென்னவோ வாங்கினேன். புது எழுதுபலகை வாங்கினேன். படம் போட்ட புத்தகம் தேடிக் கொண்டுவந்தேன். சந்தையில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி வாங்கி, தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும் என்று நானே அதற்குக் குழை ஒடித்துப் போட்டு, தண்ணீரும் வைத்து, அவள் மடியில் கொண்டுபோய் விட்டேன். அவள் அதைத் தடவிக் கொடுத்தாள். குட்டி மடியிலேயே தூங்கியது. அவளும் அங்கேயே இருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைக்குச் சந்தோஷம் தரும் பொருளைத்தான் நாங்கள் எல்லாரும் தேடினோம். அவள் இல்லாவிட்டால் பட்டினி கிடக்கிற ஒன்றைக் கொண்டுவந்தவர் அய்யா ஒருவர்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் படித்த எனக்கு அது தெரியவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் ஐயர் வீட்டுக்குப் போனேன். அவர் கொல்லையில் முள்வேலி கட்டிக்கொண்டிருந்தார்.

"வாரும் வாத்தியாரே. உம்ம தோப்பனார் வைதரணியைத் தாண்டினாரோ என்னமோ, இது என் வேலியை நாலு தரம் தாண்டிடுத்து. கறக்கப் போனா உதைக்கறது. ஆத்துக்காரி கொல்லைப்பக்கமே எட்டிப் பார்க்கமாட்டேங்கறா."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த முள்ளைக் கீழே போட்டார்.

"அன்னிக்கு ஏன் ஓய் சொல்லலை? அத்தனை பேர் முன்னாடி கேட்டேனே?"

"பயந்துவிட்டேன் சாமி."

"அடுத்தவா பசுவை எனக்குக் கொடுத்திருக்கீர். பாவம் உமக்கு மட்டும்னு நினைச்சீரா? எனக்கும் பங்கு வெச்சுட்டீரே!"

"அப்படியானால் ஓட்டிக்கொண்டு போகிறேன்."

"நன்னாருக்கே! அன்னிக்கும் உம்மது இல்லாததைக் கொடுத்தீர். இன்னிக்கும் உம்மது இல்லாததைக் கேக்கறீர். உடையவ வந்து கேக்கட்டும். அவ கையில கயத்தைக் கொடுக்கறேன்."

"அவள் இப்போது நடப்பதில்லை சாமி."

"அது எனக்குத் தெரியாது. உமக்கு இனிமே நான் எதையும் கொடுக்கறதாயில்லை."

வீட்டுக்கு வந்து தங்கையிடம் அவர் சொன்னதைச் சொன்னேன். "நான் கேட்டாக் குடுத்துருவாகளா?" என்றாள். "கொடுப்பார்." மடியிலிருந்த குட்டியை இறக்கிவிட்டாள். பிறகு சுவரைப் பிடித்தாள். நான் தூக்கக் குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டு, "தூக்கிட்டுப் போனா செவலை என்னைய என்னான்னு நெனைக்கும்?" என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்து அக்கிரகாரத்துக்கு மூன்று தெரு. காலையில் சாப்பிட்டுக் கிளம்பி வெயில் உச்சிக்கு வந்தபோது போய்ச் சேர்ந்தோம். சுவர் இருந்த இடத்தில் சுவரைப் பிடித்தாள். சுவர் இல்லாத இடத்தில் நின்று, மூச்சு வாங்கி, அடி எடுத்து வைத்தாள். பல தடவை உட்கார்ந்துவிட்டாள். தெருமுனையில் காய் விற்கிற அம்மாள், "ஏய்யா கல்லுமனசுக்காரா, புள்ளையத் தூக்கினா உன் சட்ட கசங்கிருமோ?" என்று என்னை வைதாள். தங்கை திரும்பி, "நான்தான் வேணாம்னேன். நீங்க யாவாரத்தப் பாருங்க" என்றாள்.

ஐயர் கயிற்றை அவள் கையில் கொடுத்தார். "இது உன் பசுவா?" என்று கேட்டார். "ஆமா சாமி. கன்னும் எனதுதான்" என்றாள். "சந்தோஷமா ஓட்டிண்டு போ. என் வேலி பிழைச்சுது" என்றார்.

திரும்பி வரும்போது அவள் செவலையின் கழுத்தைப் பிடித்திருந்தாள். எங்கள் தெரு முக்கில் பெரியப்பா வழியை மறித்து நின்றார். ஊரே கேட்கிறமாதிரி, "நில்லுடா! தானம் குடுத்த மாட்டத் திருப்பிக் கொண்டாந்தா எந்தம்பி நடு ஆத்துல நிப்பான்டா! ஒரு மாட்டுக்காகப் பெத்தவன ஆத்துல விடுறியே, நீயெல்லாம் படிச்சவனா?" என்றார்.

நான் பதில் தேடுவதற்குள் தங்கை சொன்னாள்: "அய்யாவுக்கு நீச்சத் தெரியும் பெரியப்பா."

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களைச் சிரிக்கவைக்க அவள் அதைச் சொல்லவில்லை. கொட்டகுடி ஆற்றில் வெள்ளம் வந்தபோது மாட்டைக் காப்பாற்ற அய்யா நீந்தியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தச் சிரிப்பைப் பெரியப்பா மறக்கவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அத்தையும் வருவதில்லை. அவர்கள் சொல்கேட்டு இன்னும் பலர் வருவதில்லை. 'தானத்தைப் பிடுங்கிக்கொண்ட வீடு' என்று எங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். தாயார் தண்ணீருக்குப் போனால் பேச்சை நிறுத்துகிறீர்கள்.

ஆகையால் எல்லாரும் அறிய எழுதுகிறேன். செவலை எங்கள் அய்யாவின் மாடு அல்ல. அய்யாவுடையது என்று அன்று நான் சொன்னது பொய். அய்யா தன்னுடையது அல்லாத ஒரு புல்லைத் தொடாதவர். மகளிடமிருந்து திருடிய மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு அவர் எந்த ஆற்றையும் கடக்கமாட்டார். அந்த அளவுக்கு அவரை எனக்குத் தெரியும். அவருடைய பெயரால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஐயரிடம் சொல்லி, அய்யாவுக்கே சொந்தமான மூத்த பொதிக்காளையைக் கொடுத்தேன். "காளை கோதானத்துல சேராது. வைதரணிக்கு ஆகுமோ என்னமோ, என் கிணத்துக்கு ஆகும்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். இன்று அது அவருடைய கமலையில் நீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. வேண்டுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.

எங்கள் நன்றிக்கு உரியவர்களைச் சொல்கிறேன். கொட்டும் மழையில் அய்யாவைக் கீழே விடாமல் மெட்டிலிருந்து சுமந்துவந்த பொதிமாட்டுக் கூட்டாளிகள் நால்வருக்கும். கன்று கொடுத்து, அய்யா மறைந்த செய்தி கேட்டு மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்த கிடைக்காரருக்கும். பதினாறு நாளும் எங்கள் வீட்டில் உலை வைக்கவிடாமல் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும். விடுப்புக் கொடுத்த தலைமை ஆசிரியருக்கும். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த ஐயர் அவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். என் பொய்யைப் பொறுத்துக்கொண்ட தங்கையிடம் இந்த அச்சின் மூலமாக மன்னிப்புக் கேட்கிறேன். நேரில் கேட்டபோது, "சரி, புல்லறுக்கப் போகணும், தள்ளு" என்று சொல்லிவிட்டாள்.

தெவசம் எங்கள் வீட்டில், எங்கள் வழக்கப்படி, எளிமையாக நடக்கும். யாரையும் வரவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இந்த மலர் தபாலில் வரும். உள்ளூரில் உள்ளவர்களுக்குத் தங்கையே வீடுவீடாகக் கொண்டுவந்து கொடுக்கிறாள். பெரியப்பா, உங்களுக்கு உரியதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். உங்கள் வீட்டுக்கு நடந்து வருவாள். கதவைத் திறந்து உங்கள் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் திறக்காவிட்டாலும் அவள் திரும்பிப் போகமாட்டாள். எவ்வளவு நேரமானாலும் நிற்பாள்.